சாவி யார் கையில்?

நகரக் கலைக் கொள்கையும் கலைஞர்கள் தாமே நடத்தும் அமைப்புகளும்: எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கான மூன்று பாடவேளைச் செயல்பாடு

எங்கள் பள்ளியின் பின்கட்டில் ஓர் அறை இருந்தது. கால் உடைந்த பெஞ்சுகளையும் கிழிந்த வரைபடங்களையும் போட்டு வைத்திருந்த அறை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேர் அதைக் கூட்டிப் பெருக்கி, மாலையில் நாடக ஒத்திகை பார்க்கத் தொடங்கினார்கள். யாரும் சொல்லித் தொடங்கவில்லை. இலக்கிய மன்றத்தில் ஒரு நாடகம் போட்டார்கள், கைதட்டல் கிடைத்தது, அதோடு விட மனமில்லை. அறைச் சாவி அவர்களில் ஒரு மாணவியிடம் இருக்கும். மாலை ஐந்தரைக்குப் பூட்டிவிட்டு, சாவியை வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போவாள்.

ஓராண்டு கழித்து முன்னாள் மாணவர்கள் நன்கொடை தந்தார்கள். அந்த அறைக்கு வெள்ளையடித்து, மின்விசிறி மாட்டி, தரைக்கு டைல்ஸ் போட்டோம். அறைப் பொறுப்பு எனக்கு வந்தது. இவ்வளவு நல்ல அறை ஒன்பது பேருக்கு மட்டும் பயன்படுவது சரியில்லை என்று நினைத்தேன். பதிவேடு வைத்தேன். சதுரங்கக் குழு, வினாடி வினாக் குழு, யோகா, நாடகம் என நேர அட்டவணை போட்டேன். அறை வேண்டுவோர் முதல் நாளே எழுதிக் கொடுத்துக் கையொப்பம் பெற வேண்டும். சாவி அலுவலகத்துக்குப் போனது.

விதிகளில் ஒன்றுகூட அநியாயமானது அல்ல. ஆனால் மூன்றே மாதத்தில் நாடகக் குழு இல்லாமல் போனது. பதிவேட்டில் அவர்கள் பெயர் வருவது நின்றது. சாவி வைத்திருந்த மாணவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ரூம் இப்ப ரொம்ப நல்லா இருக்கு டீச்சர். ஆனா அது எங்க ரூம் இல்ல" என்றாள்.

அந்தப் பதில் என்னை விடவில்லை. ஓர் இடத்தை மேம்படுத்துவதும் அந்த இடத்தில் நடந்த ஒன்றை வளர்ப்பதும் ஒன்றா? அதிகாரத்தில் இருப்பவர் நல்லெண்ணத்தோடு போடும் விதி, தாமாக முளைத்த ஒரு முயற்சியை எப்படிப் பாதிக்கிறது? என் பள்ளியில் ஓர் அறையில் நடந்தது பெரிய நகரங்களில் கட்டடம் கட்டடமாக நடந்திருக்கிறது. அவற்றைத் தேடிப் படித்து, சமூக அறிவியல் வகுப்பில் மூன்று பாடவேளைகளுக்கு ஒரு செயல்பாடாக ஆக்கினேன். உள்ளாட்சி பற்றிய பாடங்களை நடத்தி முடித்தபின் இதைச் செய்தால் பிள்ளைகளுக்கு எளிதாக இருக்கும். ஆசிரிய நண்பர்களோடு அதைப் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் இரண்டு சொற்கள்

'கலாச்சாரக் கொள்கை' என்றதும் பிள்ளைகள் பெரிய புத்தகம் ஒன்றைக் கற்பனை செய்கிறார்கள். அதை நான்கு கேள்விகளாகப் பிரித்துக் கரும்பலகையில் எழுதலாம்.

1. இடம்: கலைக்கான இடத்தை யார், யாருக்கு, எத்தனை காலத்துக்குத் தருகிறார்?
2. பணம்: நிதியுதவி யாருக்கு? என்ன நிபந்தனையில்?
3. அனுமதி: எதை நடத்த உரிமம் வேண்டும்? யார் தருகிறார்?
4. கவனம்: நகரம் எந்தக் கலையைத் தன் முகமாகக் காட்டிக்கொள்ள விரும்புகிறது?

ஒரு மாநகராட்சியோ அரசோ இந்த நான்குக்கும் தரும் விடைகளின் தொகுப்பே அந்த நகரத்தின் கலைக் கொள்கை. எழுதி வைக்காத விடையும் கொள்கைதான்.

'கலைஞர்கள் தாமே நடத்தும் அமைப்பு' என்பது, எதைக் காட்டுவது, யாருக்கு இடம் கொடுப்பது, எப்போது திறப்பது என்ற முடிவுகளைக் கலைஞர்களே எடுக்கும் அமைப்பு. அரசு அருங்காட்சியகம் இந்த வகையில் சேராது. நுழைவுச்சீட்டு விற்று லாபம் பார்க்கும் தனியார் அரங்கமும் சேராது. பெரும்பாலும் பணம் குறைவாகவும், வாடகை இடமாகவும், நாலைந்து பேரின் உழைப்பை நம்பியும் இருக்கும். புதியவர்கள் முதன்முதலில் தட்டும் கதவும் பெரும்பாலும் அதுதான்.

ஏன் சிங்கப்பூர்?

சிங்கப்பூர் சிறிய நாடு. நகரமும் நாடும் அங்கே ஒன்றே. நிலத்தின் பெரும்பகுதி அரசின் கையில் இருக்கிறது. அதனால் ஒரு கொள்கை முடிவு எங்கே எடுக்கப்பட்டது, அதன் விளைவு எந்தத் தெருவில் தெரிந்தது என்பதைப் பிள்ளைகள் நேராகப் பின்தொடர முடிகிறது. இன்னொரு காரணம், தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. 'எங்க மாமா அங்கதான் இருக்கார்' என்று சொல்ல எந்த வகுப்பிலும் ஒரு பிள்ளை இருக்கும்.

வகுப்பில் நான் எடுத்துக்கொள்வது மூன்று கதைகள். இரண்டு சிங்கப்பூரில் நடந்தவை. மூன்றாவது நம் சென்னையை ஒட்டியது.

கதை ஒன்று: கோழிப்பண்ணையில் ஒரு கிராமம்

1988-ஆம் ஆண்டு. டாங் டா வூ என்ற ஓவியரும் நண்பர்களும் சிங்கப்பூரின் வடக்கே செம்பவாங் பகுதியில், லோரோங் காம்பாஸ் என்ற இடத்தில் இருந்த பழைய கோழிப்பண்ணை ஒன்றில் வேலை செய்யத் தொடங்கினார்கள். அதற்கு 'கலைஞர்கள் கிராமம்' என்று பெயர். கொட்டகைகள் ஓவியக்கூடங்கள் ஆயின. மரத்தடியில் சிற்பம் வைத்தார்கள். பொதுமக்களை அழைத்துத் திறந்தவெளியில் கண்காட்சி நடத்தினார்கள். அரசின் நிதி இல்லை, பெரிய திட்டம் இல்லை. வாடகை குறைவான, யாரும் கண்டுகொள்ளாத ஓர் இடம் கிடைத்தது. அது போதுமானதாக இருந்தது.

1990-இல் அந்த நிலம் அரசின் வேறு தேவைக்கு எடுக்கப்பட்டது. கலைஞர்கள் வெளியேறினார்கள். அமைப்பு கலைந்துவிடவில்லை. 1992-இல் சங்கமாகப் பதிவு செய்துகொண்டு, சொந்த இடமின்றி, கிடைத்த இடங்களில் தன் வேலையைத் தொடர்ந்தது. ஆனால் ஒரே வளாகத்தில் சேர்ந்து வேலை செய்து, ஒருவர் செய்வதை இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளும் அந்த வாழ்க்கை திரும்பவில்லை.

பிள்ளைகள் இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த நிலத்தை எடுத்த முடிவு கலையைப் பற்றிய முடிவே அல்ல. அது நிலப் பயன்பாட்டு முடிவு. கலைஞர்களை வெளியேற்ற யாரும் திட்டம் போடவில்லை. ஆயினும் அவர்கள் வெளியேறினார்கள். ஒரு நகரத்தின் கலை வாழ்வைக் கலைத்துறை மட்டும் தீர்மானிப்பதில்லை. நிலம், சாலை, வாடகை பற்றிய முடிவுகளும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

கதை இரண்டு: மின்நிலையத்தில் ஒரு வீடு

'சப்ஸ்டேஷன்' என்று சொன்னதும் என் வகுப்பு சிரித்தது. "இ.பி. ஆபீஸா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். ஒரு வகையில் அவன் சொன்னது சரி. சிங்கப்பூரின் ஆர்மேனியன் தெரு 45-ஆம் எண் கட்டடம் 1926-இல் துணை மின்நிலையமாகக் கட்டப்பட்டது. பயன்பாடு முடிந்து ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்த அதைக் கலைக்கான இடமாக மாற்றலாம் என்று அரசிடம் கேட்டவர் நாடக ஆசிரியர் குவோ பாவ் குன். 1990 செப்டம்பரில் அது 'சப்ஸ்டேஷன்' என்ற பெயரிலேயே திறக்கப்பட்டது. சிறிய நாடக அரங்கு, கண்காட்சிக்கூடம், நடன அறை, பின்னால் ஒரு தோட்டம். அவ்வளவுதான்.

குவோ பாவ் குன் யார் என்பதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு நல்ல வழி உண்டு. 1988-இல் அவர் மேடையேற்றிய 'அம்மா பூனையைத் தேடுகிறாள்' என்ற நாடகத்தில் ஹொக்கியன் மொழி மட்டுமே தெரிந்த ஒரு சீனத் தாய் வருகிறாள். அவள் பிள்ளைகள் ஆங்கிலமும் மாண்டரினும் பேசுகிறார்கள். அவளால் பெற்ற பிள்ளைகளோடு பேச முடியவில்லை. காணாமல் போன பூனையைத் தேடிப் போகும்போது, தன் பூனையைத் தேடும் ஒரு தமிழ் முதியவரைச் சந்திக்கிறாள். அவர் தமிழில் பேசுகிறார், அவள் ஹொக்கியனில் பேசுகிறாள். இருவருக்கும் புரிந்துவிடுகிறது. இந்தக் காட்சியை வகுப்பில் இரண்டு பிள்ளைகளை விட்டு நடிக்கச் சொல்லுங்கள். ஒருவர் தமிழ் பேசட்டும். மற்றவர் எந்த மொழியும் இல்லாத ஒலிகளால் பேசட்டும். ஐந்து நிமிடம் போதும், வகுப்பு கலகலப்பாகிவிடும்.

சுமாரான வெற்றியைவிடத் தகுதியான தோல்வி மேல் என்ற கருத்துடையவர் குவோ. சப்ஸ்டேஷன் அந்தக் கருத்தில்தான் நடந்தது. முதல் நாடகம் எழுதும் இளைஞர், முதல் குறும்படம் எடுக்கும் மாணவர், எங்கும் மேடை கிடைக்காத இசைக்குழு எனப் பலருக்கு அது முதல் இடமாக இருந்தது. கூட்டம் வருமா என்று கேட்காத இடம்.

இதே காலத்தில் அரசும் கலையில் பெரிய அளவில் இறங்கியது. 1989-இல் ஆலோசனைக் குழு ஒன்று அறிக்கை தந்தது. 1991-இல் தேசியக் கலைகள் மன்றம் உருவானது. கலைக்குழுக்களுக்கு அரசுக் கட்டடங்களைக் குறைந்த வாடகையில் தரும் திட்டம் 1985 முதலே இருந்தது. அத்திட்டத்தில்தான் லிட்டில் இந்தியாவின் கெர்பாவ் சாலைக் கடைவீடுகளும் கலைக்குழுக்களின் கைக்கு வந்தன. கெர்பாவ் என்றால் மலாய் மொழியில் எருமை. மாட்டுத் தொழுவங்கள் இருந்த பகுதியில் சலங்கை ஒலி கேட்கத் தொடங்கியது. 2000-இல் 'மறுமலர்ச்சி நகரம்' என்ற திட்ட அறிக்கை வந்தது. 2002-இல், டுரியான் பழத்தைப் போன்ற கூரைகளோடு, சுமார் 60 கோடி சிங்கப்பூர் வெள்ளி செலவில் எஸ்பிளனேட் அரங்கம் திறக்கப்பட்டது. உலகின் பெரிய இசைக்குழுக்கள் வந்து போகும் நகரமாகச் சிங்கப்பூர் மாறியது.

ஆக, அரசு கலைக்கு எதிராக இருந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். அரசு இடம் தந்தது, பணமும் தந்தது. ஆனால் பணம் வரும் வழியில் நிபந்தனையும் வரும். 1994-இன் தொடக்கத்தில், கலைஞர்கள் தாமே ஏற்பாடு செய்த ஒரு நிகழ்வில் இடம்பெற்ற நிகழ்த்துகலை ஒன்று பெரும் சர்ச்சையானது. அதன்பின் எழுத்துப் பிரதி இல்லாத நிகழ்த்துகலைக்கும், பார்வையாளரே எழுந்து கதையை மாற்றும் விவாத அரங்குக்கும் அரசு நிதியுதவி ஏறத்தாழ பத்து ஆண்டுகள் நிறுத்தப்பட்டது. 2003-இல்தான் அந்த நிலை மாறியது. வகுப்பறையில் நாம் நாடகத்தை நிறுத்தி, 'இந்த இடத்தில் நீயாக இருந்தால் என்ன செய்வாய்?' என்று கேட்கிறோமே, அதே முறைதான் விவாத அரங்கு.

சப்ஸ்டேஷன் வாடகைச் சலுகையிலும், ஓரளவு நிதியுதவியிலும், தன் அரங்கை வாடகைக்கு விட்டுக் கிடைத்த வருமானத்திலும் நடந்தது. 2000-களின் நடுவில் பின்தோட்டத்தை ஓர் உணவகத்துக்கு வாடகைக்கு விட்டது. கணக்கு ஓரளவு சரியானது. ஆனால் கலைஞர்கள் கூடி உட்கார்ந்து பேசிய தோட்டம் போனது.

அரசின் கொள்கையும் மாறிக்கொண்டிருந்தது. ஒரு கட்டடத்தை ஒரே குழுவிடம் நீண்ட காலம் கொடுப்பதைவிட, பல குழுக்கள் பகிர்ந்துகொள்ளும் கலை மையங்களே நல்லது என்ற பார்வை 2010-க்குப் பின் வலுத்தது. குட்மேன், அலிவால் போன்ற பொதுக் கலை மையங்கள் அப்படி வந்தவை. 2021-இல் அந்தப் பார்வை ஆர்மேனியன் தெருவுக்கும் வந்தது. கட்டடம் பழையது, புதுப்பிக்க வேண்டும், ஜூலைக்குள் காலி செய்யுங்கள் என்றது கலைகள் மன்றம். வேலை முடிந்தபின் பல குழுக்களுள் ஒன்றாகத் திரும்பி வரலாம், ஆனால் கட்டடத்தை நடத்தும் பொறுப்பு இனி சப்ஸ்டேஷனிடம் இருக்காது.

அந்த ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் சப்ஸ்டேஷனின் நிர்வாகக் குழு அமைப்பை மூடுவதாக அறிவித்தது. கட்டடத்தை நடத்தும் உரிமை போனால் வாடகை வருமானமும் போகும், யாருக்கு மேடை தருவது என்று தீர்மானிக்கும் சுதந்திரமும் போகும், பிறகு பெயர் மட்டுமே மிஞ்சும் என்பது அவர்கள் வாதம். கலைஞர்கள் பலர் வருந்தினார்கள், வாதிட்டார்கள், கூட்டங்கள் நடத்தினார்கள். முடிவில் புதிய பொறுப்பாளர்களோடு, கட்டடம் இல்லாத அமைப்பாகச் சப்ஸ்டேஷன் தொடர்வது என்று ஆனது. முப்பது ஆண்டுக்கும் மேலாக இருந்த வீட்டை விட்டு அது வெளியேறியது.

இந்த இடத்தில் நான் வகுப்பில் என் பள்ளி அறையின் கதையைச் சொல்லிவிடுவேன். ஒளிக்க ஒன்றுமில்லை. பதிவேடும் அட்டவணையும் வைத்தது நான்தான்.

கதை மூன்று: ஈஞ்சம்பாக்கத்து மணல்

மூன்றாவது கதைக்கு விமானம் ஏற வேண்டாம். 1960-களில் சென்னை அரசு கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் ஓவியர் கே.சி.எஸ்.பணிக்கர். திறமையான மாணவர்கள் படிப்பு முடித்துப் போனதும் வயிற்றுப்பாட்டுக்காகத் தூரிகையைக் கீழே வைத்துவிடுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைய சென்னையில் நவீன ஓவியத்தை வாங்குவோர் மிகக் குறைவு.

அவரும் இளம் கலைஞர்களும் ஒரு வழி கண்டார்கள். துணியில் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் வேலை போன்ற கைவினைப் பொருள்களைச் சேர்ந்து செய்து விற்றார்கள். அந்த வருமானத்தில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையை ஒட்டி நிலம் வாங்கினார்கள். 1966-இல் சோழமண்டலம் கலைஞர்கள் கிராமம் பிறந்தது. சவுக்கும் மணலுமான இடம். தொடக்கத்தில் மின்சாரம்கூட இல்லை. பகலில் கைவினை, மீதி நேரத்தில் தன் ஓவியம், தன் சிற்பம் என்று வாழ்ந்தார்கள். ஜே.சுல்தான் அலி, எம்.சேனாதிபதி, எஸ்.நந்தகோபால், எஸ்.ஜி.வாசுதேவ் எனப் பல பெயர்கள் அந்த மணலோடு சேர்ந்தவை. பணிக்கர் 1977-இல் மறைந்தார். கிராமம் நிற்கிறது. சென்னைக் கலை இயக்கத்தின் படைப்புகளுக்கான அருங்காட்சியகமும் 2009-இல் அங்கே திறக்கப்பட்டது.

செம்பவாங்கில் கலைஞர்கள் கிராமம் இரண்டு ஆண்டே அந்த இடத்தில் இருந்தது. ஈஞ்சம்பாக்கத்துக் கிராமம் அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. திறமையிலோ ஒற்றுமையிலோ இந்த வேறுபாட்டைத் தேட வேண்டியதில்லை. நிலப் பத்திரத்தில் யார் பெயர் இருந்தது என்று பார்த்தால் போதும்.

அதற்காகச் சொந்த நிலம் எல்லாவற்றுக்கும் மருந்து என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டாம். 1966-இல் மணல்மேட்டை வாங்க முடிந்தது. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மனை விலையை எந்த இளம் ஓவியர் எட்ட முடியும்? முதல் தலைமுறைக்குப் பின் வீடு வாரிசுகளுக்குப் போகுமா, கலைஞர்களுக்குப் போகுமா என்ற கேள்வி சொந்த இடம் உள்ள எந்த அமைப்புக்கும் வரும். அரசு இடம் தரும் முறையில் பணமில்லாதவரும் உள்ளே வரலாம். சொந்தமாக வாங்கும் முறையில் வாங்க முடிந்தவரே உள்ளே வரலாம். இந்த நியாயத்தையும் வகுப்பு பேச வேண்டும்.

வகுப்பறையில் செய்தது

*முதல் பாடவேளை: அட்டவணை.* மூன்று கதைகளையும் சொன்னபின் குழுக்களாகப் பிரித்து, மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை போடச் சொன்னேன். நிரப்ப வேண்டியவை: இடம் யாருடையது? பணம் எங்கிருந்து வந்தது? யாரை உள்ளே விடுவது என்று முடிவெடுத்தவர் யார்? எந்த முடிவு அமைப்பை அசைத்தது? அந்த முடிவை எடுத்தவர் யார்? கடைசி இரண்டு கேள்விகளில்தான் விவாதம் சூடு பிடிக்கும்.

*இரண்டாம் பாடவேளை: ஒரு கட்டடம், ஐந்து பேர்.* கற்பனையான ஒரு பழைய அரசுக் கட்டடம். அதில் பதினைந்து ஆண்டாக ஒரு நாடகக் குழு இருக்கிறது. கட்டடத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஐந்து பாத்திரங்கள்: நகராட்சி ஆணையர், நாடகக் குழுத் தலைவி, இடமில்லாமல் காத்திருக்கும் வேறொரு நடனக் குழு, எதிரில் டீக்கடை வைத்திருப்பவர், வரிகட்டும் பொதுமக்களில் ஒருவர். ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் பேச வேண்டும். பிறகு பாத்திரங்களை மாற்றிக்கொண்டு மீண்டும் பேச வேண்டும். பாத்திரத்தை மாற்றுவது முக்கியம். முதல் சுற்றில் ஆணையரைத் திட்டியவனே இரண்டாம் சுற்றில் ஆணையராகி, "எனக்கு இருக்கிறது ஒரே கட்டடம், கேட்கிறவர்கள் ஏழு பேர்" என்று தவித்தான். காத்திருக்கும் நடனக் குழுவை விட்டுவிடாதீர்கள். அவர்கள் இல்லாவிட்டால் விவாதம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

எங்கள் வகுப்பு எட்டிய உடன்பாடு எனக்கே வியப்பாக இருந்தது. பழைய குழு கட்டடத்தை நடத்தட்டும், ஆனால் வாரத்தில் இரண்டு நாள் புதியவர்களுக்குக் கட்டணமின்றித் தர வேண்டும், யாருக்குத் தருவது என்பதை இரண்டு குழுக்களும் நகராட்சியும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும், ஒப்பந்தம் பத்து ஆண்டுக்கு எழுதப்பட வேண்டும். "வருஷா வருஷம் புதுப்பிச்சா பயந்துகிட்டே நடிக்கணும்" என்பது ஒரு மாணவி சொன்ன காரணம்.

*மூன்றாம் பாடவேளை: நம் ஊரின் கலைவெளி வரைபடம்.* பிள்ளைகள் தம் ஊரில் விசாரித்து வர ஒரு வாரம் கொடுத்தேன். தெருக்கூத்து ஒத்திகை எங்கே நடக்கிறது? பறையடிப்பவர்கள் எங்கே பழகுகிறார்கள்? மேளக்காரர்கள், கோலாட்டம் ஆடுவோர், ஃபிளெக்ஸ் பேனர் வந்தபின் சுவர் ஓவியர்கள் எங்கே போனார்கள்? அந்த இடம் கோயிலுடையதா, ஊராட்சியுடையதா, தனியாருடையதா? அங்கே கூட யாரைக் கேட்க வேண்டும்? யாரை அங்கே விடமாட்டார்கள்? விடைகளை ஊர் வரைபடத்தில் வண்ணப் புள்ளிகளாக வைத்தோம்.

கடைசிக் கேள்வியை விட்டுவிடாமல் கேளுங்கள், ஆனால் கவனமாகக் கேளுங்கள். சாதியும் பாலினமும் அங்கே வெளிவரும். யாருடைய பெயரையும் வகுப்பில் சொல்ல வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் வரைபடத்தில் பெண் பிள்ளைகள் மாலை ஆறு மணிக்குப் பின் கூடக்கூடிய இடம் என்று ஒரு புள்ளிகூட இல்லை. அதை வரைபடத்தில் பார்த்தபோது வகுப்பு சற்று நேரம் பேசவில்லை.

தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு

மூன்று, நான்காம் வகுப்புகளுக்கு இதை எளிதாக்கலாம். வகுப்பறையில் ஒரு மூலையைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். அங்கே என்ன வைப்பது, யார் எப்போது பயன்படுத்துவது, சண்டை வந்தால் என்ன செய்வது என்ற விதிகளை அவர்களே எழுதட்டும். இரண்டு வாரம் கழித்து அதே மூலைக்கு ஆசிரியர் தாமே விதி எழுதி ஒட்டுங்கள். மேலும் இரண்டு வாரம் கழித்து, எந்த வாரங்களில் மூலை நன்றாக இருந்தது, ஏன் என்று பேசுங்கள். சில வகுப்புகளில் ஆசிரியரின் விதியே நன்றாக இருந்தது என்று பிள்ளைகள் சொல்லக்கூடும். பலசாலிப் பிள்ளைகளே மூலையைப் பிடித்துக்கொண்ட வகுப்பாக இருந்தால் அப்படித்தான் சொல்வார்கள். அதுவும் ஒரு பாடமே.

மதிப்பீட்டுக்குச் சில வினாக்கள்

• கலையைப் பற்றியே பேசாத ஓர் அரசு முடிவு கலைஞர்களைப் பாதித்ததற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
• எஸ்பிளனேட் போன்ற பெரிய அரங்கும் சப்ஸ்டேஷன் போன்ற சிறிய இடமும் ஒரு நகரத்துக்கு ஏன் தேவை? ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்ய முடியுமா?
• அரசுப் பணத்தில் நடக்கும் கலை அமைப்புக்கு அரசு எத்தகைய நிபந்தனைகளை விதிக்கலாம்? எவற்றை விதிக்கக்கூடாது?
• உங்கள் ஊராட்சியிடம் ஒரு கலைக்கூடம் கேட்டு விண்ணப்பம் எழுதுக. யார் நடத்துவார்கள், எத்தனை ஆண்டுக்கு, யாருக்கெல்லாம் திறந்திருக்கும் என்பவை அதில் இருக்க வேண்டும்.

கடைசி வினாவுக்கு வந்த விடைகளை நான் திருத்தி மதிப்பெண் போட்டதோடு நிறுத்தவில்லை. மூன்று விண்ணப்பங்களைத் தேர்ந்தெடுத்து, பிள்ளைகளின் கையெழுத்திலேயே ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்தோம். பதில் இன்னும் வரவில்லை. ஒப்புகைச் சீட்டு வகுப்பறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது.

அந்த அறை

பழைய நாடகக் குழு திரும்பி வரவில்லை. அவர்கள் இப்போது பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். போன காலம் போனதுதான். அவர்களிடம் என் வருத்தத்தைச் சொன்னேன். "பரவால்ல டீச்சர்" என்றார்கள். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

இந்த ஆண்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் வந்து, கதை சொல்ல ஓர் இடம் வேண்டும் என்று கேட்டார்கள். பதிவேட்டை எடுக்கும் முன் அவர்களை உட்கார வைத்து, அறை எப்படி நடக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். செவ்வாயும் வியாழனும் தங்களுக்கு வேண்டும் என்றார்கள். மற்ற நாள்கள் சதுரங்கத்துக்கும் யோகாவுக்கும். அந்த இரண்டு நாள் யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். தலைமையாசிரியரிடம் பேசி, பாதுகாப்புக்காக மாலை நேரத்தில் ஓர் ஆசிரியர் அருகில் இருப்பது என்ற ஒரே நிபந்தனையோடு ஒப்புதல் வாங்கினேன். பெரும்பாலும் பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டு நான்தான் இருக்கிறேன்.

செவ்வாய், வியாழன் மாலைகளில் சாவி அவர்களிடம் இருக்கிறது.